தலையிழந்த தாள்கள்!



'தாள்' என்னும் சொல்லுக்கு அடி என்பதும் ஒரு பொருள். ஆயின், இன்று இணையத்தினின்று அச்சிட்டு எடுக்கப்பெறும் தமிழ்த் தாள்களைப் பாருங்கள்! அவற்றுக்கு அடியும் இல்லை, தலையும் இல்லை. ஒருகால் இருக்குமாயின், அது நம் தலையன்று, வேற்றுமொழியின் தலை. உடல் தமிழாகவும் தலையும் அடியும் ஆங்கிலமாகவும் ஒரு தாள் பொறியினின்று வெளிவருகின்றது. அதனை நாமும் வாயடைத்துப் பெற்றுக்கொண்டு, கட்டணமும் கொடுத்துவிட்டு வீடு திரும்புகின்றோம். 'இதிலென்ன இருக்கின்றது? ஒரு வரிதானே!' என்பார் பலர். அந்த ஒரு வரியில் என்ன இருக்கின்றது என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரை எழுந்தது.

உழவர் ஒருவரின் அலைச்சல்

புவனகிரிக்கு அருகே ஒரு சிற்றூரினர், என்னிடம் பயின்ற பழைய மாணவர், இன்று உழவர். அவர்தம் தந்தையார் பெயரில் இருந்த நிலங்களை உடன்பிறந்தார் மூவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இணைய நடுவம் ஒன்றில் பணம் கொடுத்து, நிலப்பட்டியல் ஒன்றை மூன்று தாள்களில் அச்சிட்டு வாங்கி, ஓர் அலுவலகத்திற்கு எடுத்துச் சென்றார். முதற்றாளில் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, புல எண், உட்பிரிவு எண், பரப்பு, தீர்வை எனக் கட்டங்களின் தலைப்புகளும் இருந்தன. இரண்டாந் தாளிலும் மூன்றாந் தாளிலும் வெறும் எண்களே நிரல்நிரலாக நின்றன. எது பரப்பு, எது தீர்வை என்று சொல்ல அவற்றில் ஓரெழுத்தும் இல்லை. இது முதற்றாளைச் சேர்ந்த மூன்றாந் தாளா, வேறொருவர் பட்டியலின் கடைசித் தாளா என்பதற்கும் சான்றில்லை.

அலுவலர் தாள்களைத் திருப்பித் தந்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. பெயரற்ற தாளை ஏற்றுக்கொண்டு, நாளை அதில் வழக்கு எழுந்தால் விடைசொல்ல வேண்டியவர் அவரன்றோ? மாணவர் என்னிடம் வந்து, "ஐயா, முதற்றாளில் எல்லாம் இருக்கின்றதே, அடுத்த தாளில் மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்டார். ஒரு நாட் கூலியும் பேருந்துக் கட்டணமும் இழந்து வந்த ஒருவர் கேட்ட அவ்வினா என்னைத் தைத்தது. அதற்கு விடைதேடிப் புறப்பட்டபின்னர்த்தான், இக்குறை பொறியின் குறையன்று, பக்கத்தை ஆக்கியவரின் மடிமை என்பது எனக்கு விளங்கிற்று.

மாணவர்க்கு நேரும் மயக்கம்

இஃது உழவர்க்கு மட்டும் நேர்வதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடர் எனப் பலர் உரை வகுத்தனர். ஒருவர் கொள்கையை மற்றவர் மறுப்பர். ஒரே நூற்பாவுக்கு வெவ்வேறு பொருள் காண்பர். மேல்வகுப்பு பயிலும் மாணவி ஒருத்தி, இரண்டு உரைகளை இணையத்தினின்று அச்சிட்டு வைத்திருந்தாள். முதற்றாள்களில் மட்டுமே உரையாசிரியர் பெயர் இருந்தது. தாள்கள் கலந்துபோயின. சேனாவரையர் கூற்றை இளம்பூரணர் கூற்றாகக் கட்டுரையில் எழுதிவிட்டாள். வடநூல் முறையைத் தழுவிப் பல்லிடத்தும் விளக்கஞ் செல்லும் சேனாவரையர் எங்கே? அவருக்கு முன்னரே தொல்காப்பியம் முழுமைக்கும் உரைகண்ட இளம்பூரணர் எங்கே? ஒருவர் சொல்லை மற்றொருவர் தலையில் ஏற்றுவது எத்துணைப் பெரும்பிழை! அப்பிழைக்கு வேர், தாளின் தலையில் இல்லாமற் போன ஒரு பெயர்.

1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பூண்டிருக்கும் நிறுவனமும், நம் பழந்தமிழ் நூல்களை உலகின் எந்த மூலையிலிருந்தும் படிக்குமாறு செய்துள்ளன. அத்தொண்டுக்கு நாம் தலைவணங்குகின்றோம். அந்நூல்கள் திரையில் மட்டுமே இருந்துவிடுவன அல்ல. அவற்றை அச்சிட்டுப் படிப்பார் ஆயிரக்கணக்கானோர். திரையை விட்டுத் தாளுக்கு வந்தபின், ஒவ்வொரு தாளும் தன்னைத் தானே அறிமுகஞ் செய்துகொள்ள வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

ஏட்டுக் காலத்து ஒழுங்கு

இவ்வொழுங்கு நமக்குப் புதியதன்று. மேலையரிடம் கடன் வாங்க வேண்டியதுமன்று. பனையோலைச் சுவடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர் அறிவர். ஏட்டின் இடப்பக்க ஓரத்தில் ஏட்டெண் தமிழ் எண்ணால் குறிக்கப்பெற்றிருக்கும். நூற்பெயரோ பகுதியின் பெயரோ ஓரத்தில் குறிக்கப்பெற்ற சுவடிகளும் உள. கயிறு அறுந்து ஏடுகள் சிதறினாலும், அவ்வெண்ணைக் கொண்டு மீண்டும் அடுக்கலாம். எழுத்தாணி பிடித்த எளிய ஏட்டெழுத்தாளன் ஒவ்வோர் ஏட்டிலும் தவறாமற் செய்த பணியை, நொடிக்குப் பல கோடிக் கணக்குப் போடும் பொறியை வைத்துக்கொண்டிருக்கும் நாம் செய்யாமல் விடுகின்றோம். யார் முன்னேறியவர்?

ஏடு குலைந்தால் என்ன நேரும் என்பதை நம் தில்லைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் பூட்டிய அறையிற் கிடந்து கறையானுக்கு இரையாயின என்றும், எஞ்சியவற்றையே சோழவேந்தனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டனர் என்றும் வழிவழியாகக் கூறப்பெறும் செய்தியை இந்நகரத்துச் சிறுவரும் அறிவர். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. தொகுதியின் முதலிலும் முடிவிலும் இருந்தவையே போயின என்பதை உற்று நோக்குக! புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்களும் கிடைக்கவில்லை. 1894இல் புறநானூற்றையும் 1904இல் பதிற்றுப்பத்தையும் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர், பின்னர் 1924இல் இதே சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக அமர்ந்தார். தொடக்கமும் முடிவும் சிதைந்த ஏடுகளுடன் போராடிய அவர்தம் உழைப்பை எண்ணிப் பார்ப்பவர், தலையற்ற தாளை ஒருபோதும் அச்சிடத் துணியார்.

2011ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் 'தானே' புயல் கடலூரைச் சூறையாடியபோது, என் வீட்டுக் கூரையின் ஒரு பகுதி பறந்தது. பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த தாள்கள் அறையெங்கும் நனைந்து சிதறின. பழைய அச்சு நூல்களினின்று பிரிந்த தாள்களை ஒரு மாலைப்பொழுதில் அடுக்கிவிட்டேன். ஒவ்வொன்றன் தலையிலும் நூற்பெயரும் பக்க எண்ணும் இருந்தன. இணையத்தினின்று அச்சிட்டவற்றுள் பலவற்றை இறுதிவரை அடுக்க இயலவில்லை. அவை பழந்தாள் கடைக்குச் சென்றன. அச்சுக் கோத்தவன் நம்மைக் காத்தான். வலைப்பக்கம் வனைந்தவன் கைவிட்டான்.

தலைக்குறியும் அடிக்குறியும்

இவ்விரண்டற்கும் முதலில் பெயரை வரையறுத்துக்கொள்வோம். பக்கந்தோறும் உச்சியில் மீண்டும் மீண்டும் வருவதைத் 'தலைவரி' எனலாமோ எனின், அது தலைக்கு இவ்வளவு என்று தண்டிய பழைய இறையை நினைவூட்டும். 'அடிக்குறிப்பு' என்பது நூலின் ஓரிடத்துக்கு விளக்கந்தரும் குறிப்புக்கு ஏற்கெனவே உரியதாயிற்று. ஆதலின், உச்சியில் வருவது தலைக்குறி. கீழே வருவது அடிக்குறி. இவ்விரு சொற்களும் போதும். பொருள் தெளிவானவை, சொல்லவும் எளியவை.

இனி, வலைப்பக்கம் தலையிழந்தது எங்ஙனம் எனக் காண்போம். வலைப்பக்கம் என்று நாம் வழங்கினும், உண்மையில் அதற்குப் பக்கம் என்பதே இல்லை. அது முடிவின்றி உருளும் ஒரு சுருள். திரையில் அதற்கு ஒரு தலை போதும். தாளில் ஏற்றும்போதுதான் உலவி அச்சுருளைத் துண்டு துண்டாக வெட்டுகின்றது. வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் தலை வைக்க வேண்டும் என்று பக்கத்தை ஆக்கியவர் சொல்லி வைத்திருந்தால் உலவி வைக்கும். சொல்லாவிடின், தலையின்றியே விடும். அல்லது தன் வழக்கப்படி ஏதேனும் ஒரு தலையை ஒட்டும்.

அவ்வாறு உலவி தானே ஒட்டும் தலையையும் அடியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாளும் நேரமும் பக்கத்தின் தலைப்பும் மேலே வரும். முகவரியும் பக்க எண்ணும் கீழே வரும். இது கூகுளின் குரோம் உலவியின் வழக்கம். அச்சிடும் சாளரத்தில் இதற்கென ஒரு கட்டம் உண்டு. அதனைத் தேர்ந்தால் வரும், நீக்கினால் போகும். உலவி அமெரிக்க ஆங்கிலத்துக்கு அமைக்கப்பெற்றிருந்தால், திங்கள் முன்னும் நாள் பின்னுமாக அச்சாகும். '4/5' என்று கண்டால், அது மே 4ஆ, ஏப்பிரல் 5ஆ? தமிழன் நாளை முன்னும் திங்களைப் பின்னும் சொல்பவன். முறையீட்டுக்குக் காலக்கெடு உள்ள தாளில் இந்த மயக்கம் ஒரு குடும்பத்தின் உரிமையையே பறித்துவிடக் கூடும்.

வழி உண்டு, செய்வார் இல்லை

'பொறி இதற்கு இடங்கொடாது' என்பது சோம்பரின் சொல். 1997ஆம் ஆண்டு திசம்பரில் வெளிவந்த மீயுரைக் குறிமொழியின் நான்காம் பதிப்பே, நீண்ட அட்டவணையை அச்சிடுங்கால் அதன் தலையையும் அடியையும் பக்கந்தோறும் மீண்டும் இடலாம் என்று வகுத்துவிட்டது. எழுத்தின் அளவு, நிறம், இடம் ஆகியவற்றை வரையறுக்கும் கட்டளைத் தொகுப்பாகிய நடைத்தாளின் இரண்டாம் பதிப்பு 1998ஆம் ஆண்டு மே திங்களில் வந்தது. திரைக்கு ஒரு நடையும் அச்சுக்கு வேறு நடையும் வகுக்கவும், தாளின் ஓர இடைவெளியைக் குறிக்கவும் அது வழிசெய்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று! வழி திறந்தே கிடக்கின்றது, நடப்பார்தாம் இல்லை.

வழிகள் மூன்று.

முதல் வழி, அட்டவணையின் தலை. பட்டியலை அட்டவணையாகவே கட்டி, தலைப்பு நிரையை 'அட்டவணைத் தலை' என்றும் கீழ் நிரையை 'அட்டவணை அடி' என்றும் முறைப்படி குறித்துவிட்டால், உலவி அவற்றைப் பக்கந்தோறும் தானே மீண்டும் இடும். என் மாணவர் வாங்கிய பட்டியலில் இவ்வாறு குறித்திருந்தால், அவர்தம் அலைச்சல் நேர்ந்திராது. பலர் அட்டவணை போல் தோற்றுமாறு வெறும் பெட்டிகளை அடுக்கிவிடுகின்றனர். கண்ணுக்கு அட்டவணை, பொறிக்கு அது வெறும் பெட்டிக் குவியல். எது தலையென்று பொறிக்கு எங்ஙனம் தெரியும்? இதில் இரண்டு எச்சரிக்கைகள் உள. தலை நிரை குட்டையாக இருத்தல் வேண்டும். தாளின் பெரும்பகுதியைத் தலையே விழுங்குமாயின் உலவி அதனை மீண்டும் இடாது. அட்டவணை அடியோ, கடைசிப் பக்கத்தில் தாளின் அடியில் நில்லாமல், பட்டியல் முடிந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இரண்டாம் வழி, நிலைநிறுத்தல். ஒரு வரியைப் பக்கத்தின் உச்சியிலோ அடியிலோ நிலையாக நிற்குமாறு நடைத்தாளில் கட்டளையிட்டால், அச்சிடும்போது அவ்வரி தாள்தோறும் அதே இடத்தில் வரும். ஆயின், அஃது உரையின்மேல் ஏறி அமர்ந்து எழுத்தை மறைத்தலும் உண்டு. அதற்கு மருந்து, முதல் வழியையும் இதனொடு சேர்த்தலாம். உரை முழுவதையும் ஓர் அட்டவணைக்குள் வைத்து, அதன் தலையையும் அடியையும் வெற்றிடமாக விட்டுவிட்டால், அவ்வெற்றிடம் தாள்தோறும் மீண்டும் வரும், நிலைநிறுத்திய வரி அவ்வெற்றிடத்தில் வந்து அமரும், உரை மறையாது. நம் எழுத்துகளில் மேல்விலங்கும் கீழ்விலங்கும் உண்டென்பதை மறவற்க. ஆங்கில எழுத்துக்கு வகுத்த இடைவெளியைத் தமிழுக்கு அப்படியே விட்டால், 'கீ'யின் சுழி அறுபடும். 'ஞூ'வின் வால் மறையும். 210க்கு 297 மில்லிமீட்டர் அளவுள்ள வழக்கமான தாளில், மேலும் கீழும் 20 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடம் விடுதல் நன்று.

மூன்றாம் வழியே செம்மையானது. தாளின் நான்கு ஓரங்களிலும் நான்கு மூலைகளிலுமாகப் பதினாறு ஓரப்பெட்டிகளை நடைத்தாளின் பக்க விதிகள் வகுத்துள்ளன. எந்தப் பெட்டியில் நூற்பெயர், எந்தப் பெட்டியில் பக்க எண், எந்தப் பெட்டியில் மொத்தப் பக்கம் என்று சொன்னால், அவ்வாறே அமையும். நூலச்சுக்கென்று ஆக்கிய தனி மென்பொருள்கள் இதனை முன்னரே செய்துவந்தன. குரோம் உலவி 2024ஆம் ஆண்டு நவம்பரில் வந்த 131ஆம் பதிப்பிலேதான் இதனை ஏற்றுக்கொண்டது. எல்லா உலவிகளும் ஒருபடித்தாக நடப்பதில்லையாதலின், முதலிரு வழிகளையும் கைவிடாது வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

'பக்கம் 3 இன் 12' என்னும் கொடுமை

வழி தெரிந்து செய்வோரும் எங்கே தவறுகின்றனர்? ஆங்கிலத்தில் முதலில் பக்க எண்ணையும், பின்னர் ஒரு சிறு இடைச்சொல்லையும், இறுதியில் மொத்தத்தையும் வைப்பர். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வருவது 'பக்கம் 3 இன் 12' என்னும் பிண்டம். இது தமிழா? மூன்றின் பன்னிரண்டு என்றால் என்ன பொருள்? முழுமையை முன்வைத்து உறுப்பைப் பின்வைப்பது தமிழின் மரபு. நாட்டைச் சொல்லி, ஊரைச் சொல்லி, பேரைச் சொல்வது நம் வழக்கம். ஆதலின், '12 பக்கங்களுள் 3' என்றோ, '12இல் 3ஆம் பக்கம்' என்றோ அமைதல் வேண்டும். பொறிக்கு இது கடினமன்று. மொத்தத்தை எண்ணும் எண்ணியை முன்னும், பக்கத்தை எண்ணும் எண்ணியைப் பின்னும் வைத்தாற் போதும். ஒரு சொல்லைத் தமிழாக்கினால் மொழி தமிழாகிவிடாது. தொடரின் முதுகெலும்பும் தமிழாதல் வேண்டும். இதனை உணராதவர் கையில் தமிழாக்கப் பணியை ஒப்படைத்தால், தமிழ் எழுத்தில் ஆங்கிலம் எழுதுவர்.

எண்ணைப் பற்றியும் ஒரு சொல். தமிழ் எண்களில் பக்கத்தைக் குறிக்க விழைவோர் நம்மிடையே உளர். அவ்விழைவு போற்றுதற்குரியதே. நடைத்தாளில் 'தமிழ்' என்று எண்முறையைத் தேர்ந்தால் பக்க எண் தமிழில் வரும். ஆயின், பத்தாம் பக்கம் வந்ததும் பாருங்கள்: ஒன்றும் சுழியுமாக ௧௦ என்று அச்சாகும். நம் முன்னோர் பத்துக்கு ௰ எனவும், நூற்றுக்கு ௱ எனவும், ஆயிரத்துக்கு ௲ எனவும் தனிக்குறி வைத்து எழுதினர். பதினொன்று ௰௧, இருபது ௨௰. சுழியை இடையிட்டு எழுதுவது பிற்காலத்து முறை. பழைய முறையே வேண்டுவோர், அதற்குரிய கூட்டல் எண்முறையைத் தாமே நடைத்தாளில் வகுத்துக்கொள்ளலாம், அதற்கும் இடமுண்டு. எம்முறையைக் கொள்ளினும் நூல் முழுதும் ஒரே முறையைக் கொள்க. பொதுமக்கள் கைக்குச் செல்லும் அலுவல் தாள்களில், படிப்பவர்க்கு உடனே விளங்கும் எண்ணே இருக்கட்டும். உழவரை மீண்டும் ஒருமுறை அலையவிட்டு நாம் தமிழெண்ணை வாழவைக்க முடியாது.

நாற்பத்தைந்து குறியான மூன்றெழுத்து

அடிக்குறியில் முகவரியை இடுவார் பலர், அது நன்றே. தாள் எங்கிருந்து வந்ததென்று தெரிய வேண்டும். ஆயின், தமிழில் அமைந்த முகவரியை உலவியினின்று படியெடுத்து ஒட்டிப் பாருங்கள். விழுக்காட்டுக் குறியும் எண்ணும் உரோம எழுத்தும் கலந்த நீண்ட வால் ஒன்று வந்து விழும். 'தமிழ்' என்பது நமக்கு மூன்றே எழுத்து. ஒருங்குறி அதனை ஐந்து அலகாகப் பிரிக்கும். ஒவ்வோர் அலகும் பொறியின் நினைவில் மூன்று கூறாகும். ஒவ்வொரு கூறும் மூன்று குறியாக எழுதப்பெறும். ஆக, மூன்றெழுத்துத் தமிழ் 45 குறிகளாகப் பெருத்துவிடுகின்றது! ஒரு நூற்பெயர் முழுவதும் இவ்வாறானால் அடிக்குறி இரண்டு மூன்று வரிகளை விழுங்கும், படிப்பாரும் இல்லை, பயனும் இல்லை. தமிழ் எழுத்திலேயே முகவரியைத் தட்டெழுதிக் கொடுத்தாலும் உலவி ஏற்கும். ஆதலின், அடிக்குறியில் தமிழாகவே எழுதுக; அல்லது குறுகிய முகவரி ஒன்றை வகுத்து இடுக.

மறுப்பார்க்கு மறுமொழி

'திரையில் படிக்கும் காலத்தில் அச்சுத்தாள் எதற்கு?' என்பார் சிலர். அலுவலகத்தில் சான்றாகக் கேட்பது தாள். முறைமன்றத்தில் கட்டி வைப்பது தாள். மின்சாரம் அறுந்து பல நாள் இருளிற் கிடந்த கடலூர்க்காரரைக் கேளுங்கள். திரையின் வலிமை எவ்வளவென்று அவர் சொல்வார்.

'தலைக்குறி ஆங்கிலத்தில் இருந்தால் என்ன குறைந்துவிடும்?' என்பார் வேறு சிலர். தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழ் என்று 1956ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தாயிற்று. அரசிதழில் 1972 முதல் திருவள்ளுவர் ஆண்டு இடம்பெற்றது. சட்டம் உடலுக்கு மட்டுந்தானா? தலைக்கு இல்லையா? தாளின் உள்ளே இருப்பதைப் படிப்பவர் சிலர். தலையைப் பார்ப்பவர் எல்லாரும். எந்த மொழி தலையில் இருக்கின்றதோ அந்த மொழியே ஆளும் மொழி என்று குழந்தையும் உணரும். கடையின் பெயர்ப்பலகைக்குப் போராடிய நாம், தாளின் பெயர்ப்பலகையை விட்டுக்கொடுப்பதா?

'செய்வதற்குச் செலவாகும்' என்பது மூன்றாவது மறுப்பு. நிரல் அறிந்த இளைஞர் ஒருவர்க்கு இஃது ஒரு பிற்பகல் வேலை. ஒருமுறை எழுதிய நடைத்தாள் ஆயிரம் பக்கங்களுக்கும் பயன்படும். செலவன்று தடை, கருத்தின்மையே தடை.

நம் வீட்டுக் குப்பை

பிறரை இடித்துரைத்த நான், நம்மவரை விட்டுவிட்டால் அது நேர்மையாகாது. தூய தமிழில் எழுதுகின்றோம் என்று மார்தட்டும் நம் அன்பர் சிலரின் வலைப்பக்கங்களை அச்சிட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரு வடசொல்லும் இல்லை, தலையிலோ ஆங்கிலம். பக்கத்துக்குத் தலைப்பிட வேண்டிய இடத்தில், வார்ப்புருவோடு வந்த ஆங்கிலச் சொல்லை மாற்றாமலே விட்டிருந்தனர். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிமொழியில் குறிக்கவும் மறந்திருந்தனர். கட்டுரையாசிரியர் பெயர் இரண்டாந் தாளில் இல்லை. வெளிவந்த நாள் எத்தாளிலும் இல்லை. 'வடமொழி நீக்குக!' என்று முழங்கும் கட்டுரை, பெயரற்ற நான்கு தாள்களாக என் மேசையிற் கிடந்தது. பத்தாண்டு கழித்து அதனை எடுப்பவன், யார் எழுதியது, எப்பொழுது எழுதியது என்று எங்ஙனம் அறிவான்? கொள்கை நெஞ்சில் இருந்தால் மட்டும் போதாது. விரல் நுனிக்கும் இறங்கி வருதல் வேண்டும். நுணுக்கத்தில் சோம்பியிருக்கும் இயக்கத்தைப் பெருமுழக்கம் காப்பாற்றாது.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: தமிழில் வலைப்பக்கம் ஆக்கும் ஒவ்வொருவரும், அச்சுக்கென்று தனி நடையை வகுத்தல் வேண்டும். பட்டிகளும் விளம்பரங்களும் தாளில் வாராமல், நூலும் அதன் பெயருமே வருதல் வேண்டும்.

இரண்டு: தாள்தோறும் தலையில் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும், அடியில் பக்க எண்ணும் மொத்தமும் நாளும் இருத்தல் வேண்டும். உரைநூலாயின் உரையாசிரியர் பெயரை விடவே கூடாது.

மூன்று: பட்டியலாயின், கட்டத் தலைப்புகள் ஒவ்வொரு தாளிலும் மீண்டும் வருதல் வேண்டும், யாருடைய பட்டியல் என்பதும் ஒவ்வொரு தாளிலும் தெரிதல் வேண்டும்.

நான்கு: தமிழ்த் தொடரமைப்பில், நாள் முன்னும் திங்கள் பின்னுமாக எழுதுதல் வேண்டும், திருவள்ளுவர் ஆண்டையும் உடன் குறிக்கலாம்.

ஐந்து: மக்களுக்குத் தாள் வழங்கும் அலுவலகங்கள், வெளியிடுமுன் ஒருமுறையேனும் மூன்று பக்கப் பட்டியலை அச்சிட்டு, இரண்டாந் தாளை மட்டும் தனியே எடுத்து, 'இது யாருடையது? இவ்வெண் எதனைக் குறிக்கின்றது?' என்று வினவிப் பார்த்தல் வேண்டும். விடை தாளிலேயே இல்லையெனில், அப்பக்கம் இன்னும் முடியவில்லை என்று பொருள்.

ஆசிரியப் பெருமக்களே! அடுத்த முறை மாணவர் கட்டுரையை அச்சிட்டுக் கொணர்ந்தால், முதலில் இரண்டாந் தாளைப் பாருங்கள். தலையில்லையேல் திருப்பிக் கொடுங்கள். நிரலறிந்த இளைஞர்களே! அண்ணாமலைநகரிலும் கடலூரிலும் கணிப்பொறி பயிலும் நீங்கள், தமிழுக்குச் செய்ய ஒன்றுமில்லையே என்று ஏங்க வேண்டா. உங்கள் ஊர் நூலகத்தின் பக்கத்தையோ, பள்ளியின் பக்கத்தையோ, தமிழ் மன்றத்தின் பக்கத்தையோ எடுத்துக்கொண்டு, அதற்கொரு தமிழ்த் தலை வையுங்கள்.

என் மாணவர் பின்னர் என்ன செய்தார் தெரியுமா? மூன்று தாள்களையும் என் மேசைமேல் பரப்பி, இரண்டாந் தாளிலும் மூன்றாந் தாளிலும் கட்டத் தலைப்புகளையும் தந்தையார் பெயரையும் பக்க எண்ணையும் தம் கையாலேயே அழகிய தமிழில் எழுதினார். அலுவலகம் அதனை ஏற்காது என்பதை அவரும் அறிவார். "இருக்கட்டும் ஐயா, என் பிள்ளை எடுத்துப் பார்த்தால் அவனுக்காவது விளங்கட்டும்" என்றார். பொறி செய்யத் தவறிய பணியை ஓர் உழவனின் கை செய்தது.

அந்தக் கைக்குள்ள அறிவு, நம் பக்கங்களை ஆக்குவோர்க்கு வருதல் வேண்டும், வரச் செய்வோம்!